சிகரத்து நோட்டு

வரைபடத்தைப் பேருந்திலேயே மறந்துவிட்டு இறங்கியது கடிகாரம் ரிப்பேர் செய்கிற கணவர்தான். ஆனாலும் வழி தெரிந்தவர் மாதிரி முன்னால் நடந்தார். மனைவி பின்னால் வந்தாள். இருபது வருடமாக அவள் கேட்டுக் கேட்டு அலுத்த மலையேற்றம் இது. பிரிந்து போவதா, சேர்ந்திருப்பதா என்று சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்குக் கால் முளைத்தது.

முதல் சிகரத்தில், தகரப் பெட்டிக்குள் ஒரு நோட்டு இருந்தது. ஏறி வருகிறவர்கள் நேரத்தோடு கையெழுத்துப் போட வேண்டும். இன்றைய தேதியில் மனைவியின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. நேரம் ஒன்பது மணி. அவர் கடிகாரத்தில் ஒன்பதரை.

"என்னை விட்டுட்டு எப்ப ஓடி வந்த?"

"உங்க பின்னாடிதானே வந்தேன்?"

"ஊர்க் கடிகாரத்தையெல்லாம் சரியா ஓட வைக்கிறேன், என்னோடது மட்டும் அரை மணி முந்தி ஓடுது" என்று சிரித்துவைத்தார்.

இரண்டாவது சிகரத்து நோட்டில் அவள் ஒரு மணி நேரம் முந்தியிருந்தாள். நான்காவதில் மூன்று மணி நேரம். அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

கடைசிச் சிகரத்தில் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"வீட்டுக்கு வருவியா, மாட்டியா? நேரா சொல்லிடு."

அவிழ்ந்திருந்த அவருடைய ஷூ லேஸைக் குனிந்து இறுக்கிக் கட்டிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"மாட்டேங்க. நான் போயி ரொம்ப நேரமாச்சு."