சுவரில் ஒட்டிய கண்ணாடி

கட்டிலுக்கு மேலே, சுவர் விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடிப் பட்டை இன்றும் உடையவில்லை.

விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அது உடைந்தால் சுவர் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து மனையில் நாற்பது மாடிக் கட்டடத்துக்குக் குழி தோண்டும் வண்டிகள் அத்தனையும் அந்த நிமிடமே நின்றாக வேண்டும். பட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகத்தான் கட்டட கம்பெனி ஆள் ஒருவர் தினமும் பதினோரு மணிக்கு வருகிறார். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. இத்தனைக்கும் மனிதர் மூக்குக்கண்ணாடி போட்டதே இல்லை.

இந்த அறைக்குள் வந்தால் மட்டும் அவருக்குக் கண் சொக்கும்.

கீழே பொக்லைன் மண்ணை அள்ள அள்ள, மாடி அறை முழுவதும் லேசாக மிதக்கும். தண்ணீர்ச் செம்புக்குள் வட்டம் வட்டமாக அலை எழும். அலமாரிக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று ரகசியம் பேசும். ஜன்னல் வெயிலில் மண் தூசு கீழே இறங்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டில் தூளி மாதிரி மெதுவாக ஆடும்.

கட்டிலில் வீட்டுக்காரர். வாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பாக்கி இருப்பது இடது கை ஒன்றுதான். குழி தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கை சும்மா இருப்பதில்லை. முன்னால் போகும், பின்னால் வரும், பக்கவாட்டில் எதையோ தள்ளும். ஈ விரட்டுகிறார் என்று நினைத்தார் கண்ணாடிக்காரர். சத்தத்தை விரட்டுகிறார் என்றார் வீட்டுக்காரரின் மனைவி.

இன்று அந்த அம்மாள் கண்ணாடிக்காரரின் பேனாவையே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மூணு நாளா இவரு வாய் அசையுது. என்னமோ சொல்றாரு. இந்தச் சத்தத்துல ஒரு மண்ணும் கேக்கல. விடியக்காலம் வண்டி நிக்கிறப்ப இவரும் அசந்து தூங்கிடறாரு. ஒரே ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லேன்ப்பா."

நடக்கிற காரியமா? மழைக்கு முன்னால் அடித்தளம் போட வேண்டும் என்று பெரிய இன்ஜினியர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு நோயாளி பேச வேண்டும், வண்டியை நிறுத்துங்கள் என்றால் சிரிப்பார். கண்ணாடி உடைந்தது என்றால் மட்டும் சிரிக்க மாட்டார். அதை வேண்டுமென்றே உடைத்தது தெரிந்தால், பதினேழு வருஷ வேலை அன்றோடு சரி.

கண்ணாடிக்காரர் அந்த உதடுகளைப் பார்த்தார். ஊமை கண்ட கனவு மாதிரி ஏதோ ஒன்று வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அலைந்துகொண்டிருந்தது. பாவம், எத்தனை நாளைக்குத்தான் வைத்துக்கொண்டிருப்பார்?

சாவிக்கொத்தை எடுத்தார். ஒரே தட்டு.

கண்ணாடி உடைந்துவிட்டது என்று போனில் சொன்னார். கீழே விசில் கேட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. செம்பில் வட்டங்கள் நின்றன. கிண்ணங்கள் வாயை மூடிக்கொண்டன. இத்தனை நாள் மிதந்த அறை அப்போதுதான் தரைக்கு வந்த மாதிரி இருந்தது.

இடது கை மட்டும் பாதி வழியில், அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

உதடு அசைந்தது. அந்த அம்மாள் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"டீசல் தீந்துடுச்சான்னு கேக்கறாரு."

கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். குழியின் அடியில், பக்கெட் நிறைய மண்ணோடு, லாரிப் பக்கம் பாதி திரும்பிய நிலையில் நின்றிருந்தது பொக்லைன்.

திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். கையும் அதே பாதியில்தான் நின்றிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் இந்த மாதிரி வண்டிதான் ஓட்டுனாரு," என்றார் அம்மாள். "காலையில சோறு கட்டிக் குடுப்பேன். சாயங்காலம் மண்ணுத் துணிய அலசுவேன். இவரு வேலை செஞ்சு ஒரு நாள்கூட நான் பாத்ததில்லையேப்பா!"

புருஷனின் கையைத் தொடப் போனவர், தொடாமல் நிறுத்திக்கொண்டார். வேலையில் இருக்கிற கை அல்லவா?

போன் அடித்தது. பெரிய இன்ஜினியர்தான். விரிசல் எவ்வளவு, வீட்டு ஆட்களை வெளியேற்ற வேண்டுமா, இன்றைக்கு வேலை அவ்வளவுதானா என்று படபடத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழி இரண்டு நாள் சும்மா கிடக்கும், கண்ணாடிக்காரர் தலையும் தப்பும்.

கட்டிலில் கை இன்னும் காத்திருந்தது.

"சுவர் நகரல சார். கண்ணாடிய நான்தான் உடைச்சேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் விழுந்த வசவுகளை அவர் முழுசாகக் கேட்கவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த அம்மாளோடு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே என்ஜின் இருமிக் கிளம்பியது. செம்பில் முதல் வட்டம் விழுந்தது.

கை மீதிப் பாதியும் திரும்பி, மண்ணைக் கொட்டிவிட்டு வந்தது.