எதிர் நாற்காலிக்காரன்

“ஏம்மா, இந்த ஊர்ல எறும்புக்கு என்ன பஞ்சம்? எண்ணி மூணே மூணு வெச்சிருக்காங்க.”

எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் தட்டைச் சாய்த்துக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோள ரொட்டி, அதன் மேல் வறுத்த எறும்புகள் மூன்று. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருந்தன.

கிரிசாந்தா தன் தட்டிலும் எண்ணிப் பார்த்தாள், மூன்றுதான். இந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை என்று தலாகொலூலாவில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். அந்த ஊர்ச் சந்தையில் முப்பது வருஷமாகக் கருப்பு மோலே குழம்பும் வான்கோழியும் விற்கிறவள் அவள். “அதையே நான் வேற மாதிரி பண்ணப் போறேன்” என்று மகள் செனைடா வஹாகா நகரத்தில் இந்த உணவகத்தைத் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூடக் கிரிசாந்தா இதன் படி ஏறியதில்லை.

இன்றைக்கு வந்ததுகூடச் சாப்பிட அல்ல, மகள் கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பார்க்க. போட்டோ அனுப்புகிறேன் என்று மகள் சொன்னபோது, “போட்டோவுல எல்லாப் பயலும் நல்லவனாத்தான் தெரிவான், நேர்ல பாத்துக்கிறேன்” என்றாள். “அப்ப என் கடைக்கு வா” என்றுவிட்டாள் மகள். வந்தால், “அவர் நாலு மணிக்குத்தான் வருவாரும்மா, அதுவரைக்கும் சாப்பிடு” என்று சமையலறைக்குள் ஓடிவிட்டாள். மதியக் கூட்டத்தில் பரிமாறும் பெண் கிரிசாந்தாவைக் கொண்டுவந்து இந்த நீள மேசையில் உட்கார வைத்தாள்.

“மூணு எறும்புல ஒண்ணு நொண்டி வேற” என்றான் அவன்.

அதையே இவளும் மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஊரான் வாயில் கேட்டதும் சுருக்கென்றது.

“மழை விழுந்த முதல் வாரத்துலதான் தம்பி அது புத்தை விட்டு வெளிய வரும். ஒவ்வொண்ணா பிடிச்சு, இறக்கையைக் கிள்ளி, வறுக்கணும். மூணு கிடைச்சதே பெரிசு. இது நல்லாவே வறுத்திருக்கு.”

அவன் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினான்.

கிரிசாந்தாவுக்குத் திக்கென்றது. உணவகங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் உண்டு, ஒருத்தர் கிழித்து எழுதினால் மறுநாள் மேசையெல்லாம் காலி என்று மகள் எப்போதோ சொல்லியிருந்தாள்.

அடுத்தது மோலே. வெள்ளைத் தட்டின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு வட்டம், ஓரமாகக் கட்டைவிரல் அளவு வான்கோழித் துண்டு. அவன் கேட்காமலே அவனுக்கும் ஒரு தட்டு வந்தது.

“அடிப்பிடிச்ச சட்டியைச் சுரண்டி வெச்சுட்டாங்களா?”

“அடிப்பிடிச்சதுக்கும் கருக வறுத்ததுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?” கிரிசாந்தா ரொட்டியைக் கிள்ளி அந்தக் கருப்பில் தோய்த்தாள். “மிளகாய் கறுக்கணும், ஆனா கசக்கக் கூடாது. ஒரு நொடி அசந்தா அத்தனையும் குப்பைக்குத்தான் போகும். இதுல கசப்பு இருக்கா, சொல்லுங்க.”

தன் சட்டியில்கூட இவ்வளவு சீராக வந்ததில்லையே என்று தோன்றியது. அந்த நினைப்பையும் மோலேயோடு சேர்த்து விழுங்கினாள்.

“கசப்பு இல்லைதான்” என்று முனகி, அவன் மறுபடி எழுதினான். சாப்பிடும்போது எழுதுவதில்லை, இவள் பேசி முடித்த பிறகுதான் எழுதுகிறான். குறை சொல்கிறானே தவிர, தட்டைக் கழுவியது போல வழித்துவிட்டிருந்தான்.

கடைசியில் சுரைக்குடுவையில் ஒரு வெண்மையான மேகம் வந்தது. சந்தையில் பெண்கள் சோளத்தையும் கொக்கோவையும் அரைத்துக் கலக்கி விற்கிற பானத்தின் நுரையை மட்டும் எடுத்து உறைய வைத்திருந்தாள் செனைடா.

“யாரோ சோப்பு போட்டுக் குளிச்சிட்டு மிச்சத்தை விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு” என்றான் அவன். “இந்தக் கடை இன்னும் ஆறு மாசம் தாங்குமாம்மா?”

கிரிசாந்தா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். மேசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இந்த நுரைக்காக ஒரு மணி நேரம் கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கணும், தெரியுமா உனக்கு? இதையெல்லாம் சமைச்சவ என் பொண்ணு. முப்பது வருஷமா அடுப்படியில நிக்கிற எனக்கே இந்தக் கைப்பக்குவம் வரல. போ, இதையும் எழுதிக்கோ.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சமையலறை வாசலில் செனைடா நின்றிருந்தாள். தோளில் கிடந்த துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

அந்த இளைஞன் மெதுவாக எழுந்தான். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

“இதைச் சொல்ல வைக்கத்தான் அவ என்னை இங்க உட்கார வெச்சா, அத்தை.”