ஓரகத்தியின் முட்டி

காப்பீட்டு அலுவலகத்துக் கண்ணாடிக் கதவு வழியே சாயங்கால வெயில் நீண்டு கிடக்கிறது. முதியவர்கள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ள இன்றுதான் கடைசி நாள். மூத்தவள் கைத்தடியை ஊன்றிக் கவுண்டரில் நிற்கிறாள். கண் மட்டும் பின்னால். துணைக்கு வந்த ஓரகத்தி தண்ணீர் குடிக்கக் கைவீசி நடக்கிறாள். போன வருஷம் திட்டம் மாறி, ஆபரேஷனில் புது முட்டி வைத்துக்கொண்டவள். அந்தச் செருப்புச் சத்தம் டக் டக்கென்று மூத்தவளின் நெஞ்சிலேயே விழுகிறது. “அவளுக்கு இருக்கிற அதே திட்டத்தப் போடுப்பா.” குமாஸ்தா கணினியைப் பார்த்துத் தயங்குகிறார். “அதுல உங்க நெஞ்சு டாக்டர் இல்லையேம்மா. மாத்திட்டா அடுத்த வருஷம் வரைக்கும் அவர்கிட்டப் போக முடியாது.” மூத்தவளின் விரல் கைரேகைக் கருவிக்கு மேலே அப்படியே நிற்கிறது. இருமலைக் கேட்டே மாத்திரையை மாற்றித் தருகிற மனுஷர் அவர். “வேணாங்க்கா,” ஓரகத்தி வேகமாக வருகிறாள். “அவர விட்டுடாதீங்க. அப்படி ஒரு டாக்டர் கிடைக்காமத்தான் நான் அல்லாடுறேன்.” மூத்தவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்க்கிறாள். “பாத்தியாப்பா, எனக்குக் கிடைச்சுடக் கூடாதுன்னு எப்படி அடிச்சுக்கிறா!” விரலை அழுத்துகிறாள். பச்சை விளக்கு எரிகிறது. பிறகு, வாசல்வரை நடக்க, ஓரகத்தியின் தோளையே பிடித்துக்கொள்கிறாள்.