சட்டைக் கையில் இரண்டு பட்டை

வாசலில் அவன் கழற்றிவிட்ட ஷூவைத்தான் சுகுணாவின் அம்மா முதலில் பார்த்தாள். பளபளவென்று இருந்தது.

இருக்கட்டுமே. பாலிஷ் டப்பா யாருக்குத்தான் கிடைக்காது?

பெண் பார்க்க வந்தவன் அவன். பெயர் தினகரன். பட்டாளத்தில் நாயக் என்றார் தரகர். பத்துப் பேர் கொண்ட பிரிவில் ஹவில்தாருக்கு அடுத்தவனாம்.

போன வருஷம் பக்கத்துத் தெருவிலும் இப்படித்தான் ஒருத்தன் மிடுக்காக வந்து உட்கார்ந்தான். மேஜர் என்றான். கல்யாணம் ஆன மாதமே நகையோடு கம்பி நீட்டிவிட்டான். உடுப்பே வாடகைக்கு எடுத்ததாம், படுபாவி.

சுகுணா அவளுக்கு ஒரே மகள். தகப்பன் இல்லாத பெண்.

சுவரில் அந்தத் தகப்பனின் படம். பட்டாள உடுப்பில் நின்றார் முனிரத்தினம். சட்டைக் கையில் இரண்டு பட்டை.

இரண்டு என்றால் நாயக். மூன்று என்றால் ஹவில்தார். அதற்கும் மேலே இருக்கும் சுபேதாருக்குக் கையில் பட்டையே கிடையாது, தோளில் நட்சத்திரம். அந்தச் சட்டையைத் துவைத்துத் தேய்த்தவளுக்குத் தெரியாதா?

படத்தைக் காட்டினாள்.

"அவரு சுபேதாரா இருந்தாரு."

அவள் தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான். கண்ணாலேயே அவனை அடக்கினாள்.

நிஜமான நாயக்காக இருந்தால், தன் உடுப்பின் கையில் தைத்திருக்கும் பட்டை அடையாளம் தெரியாமல் போகுமா?

தினகரன் படத்தைப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தான். எழுந்து விறைப்பாக நின்றான்.

"சுபேதார் சாப்," என்றான்.

மாட்டினாயா!

அவன் முன்னால் இருந்த கேசரித் தட்டைப் பிடுங்கிவிடலாம் போல வந்தது.

"சொல்லி அனுப்பறோம்," என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கூட வந்திருந்த அவன் அம்மா, தான் கொண்டுவந்த பூப்பையைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவன் வாசலில் குனிந்து ஷூவை மாட்டினான். பக்கத்தில் சுகுணாவின் அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

"அவரு நாயக்குதாம்மா," என்றான், தாழ்ந்த குரலில். "என் கையிலயும் அதே ரெண்டு பட்டைதான். அத்தனை பேரு எதிர்ல அவரைக் கீழ எறக்கிப் பேச மனசு வரல. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பெருமைக்காகப் பொய் சொன்னாள் என்றே நினைத்துவிட்டான். நினைத்தும், அந்தப் பொய்யைக் காப்பாற்றினான்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

தெருவில் அவன் அம்மா ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"சம்பந்தி!" என்று சுகுணாவின் அம்மா வெறுங்காலோடு ஓடினாள். "பூவை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"