உருகாத பனி

நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். மற்றக் கூரைகளிலெல்லாம் பனி கரைந்து ஓடு கறுத்துத் தெரிந்தது. அவள் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக் கூரையில் மட்டும் வெள்ளை வெளேரென்று விழுந்தபடியே கிடந்தது.

அம்மாடி, என்ன வடிவு.

பனி உருகாத கூரை, சூட்டை வெளியே விடாத கூரையாம். லண்டன் ஈஸ்ட்ஹாம் கோவிலில் யாரோ சொன்னது.

இன்று அதைத்தான் சோதிக்க வருகிறார்கள். வீடு எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிறது என்று பார்த்துத் தரம் போடுவார்கள். ‘ஈ’ தரம் கிடைத்தால் தப்பினாள். அதற்குக் கீழே ‘எஃப்’ விழுந்தால் வீட்டை இப்படியே வாடகைக்கு விட முடியாது. ஒரு மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சூடு வெளியே போகாமல் கூரைக்கு உள்ளே பஞ்சு போடு, பஞ்சு போடு என்று எத்தனை பேர் சொன்னார்கள். போட்டாளா? பார்ப்போம், பார்ப்போம் என்றே இழுத்தடித்தாள்.

இப்போது பார்த்தால் வீடு தானாகவே தேறி நிற்கிறது.

கையெடுத்துக் கும்பிட்டாள். தெருவில் போன வெள்ளைக்காரர் அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நடையைக் கூட்டினார்.

மணியை அடித்தாள். குடியிருக்கும் நிரோஜினி கதவைத் திறந்தாள். கோட்டு, தொப்பி, கழுத்தைச் சுற்றிச் சால்வை. இடுப்பில் குழந்தை. அதற்கும் தொப்பி.

எங்கோ புறப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள்.

“வேண்டாம் அக்கா, சப்பாத்தோடயே வாங்கோ. நிலம் விறைக்கும்.”

சப்பாத்தோடா? தமிழ் வீட்டுக்குள்ளா?

“ஹீட்டர் போட்டாலும் சூடு நிக்கிறேல்லை அக்கா, மேலால போயிடும். அதால நாங்கள் போடுறேல்லை. இண்டைக்கு எண்டு இப்பத்தான் போட்டனான். சோதிக்க வாறவர் குளிருது எண்டு தரத்தைக் குறைச்சுப் போட்டால் உங்களுக்கெல்லே கரைச்சல்.”

வீட்டுக்குள் நின்றுதான் சிரித்தாள். குளிரில் வாயிலிருந்து புகை வந்தது.

உள்ளே சூடே இல்லை, பிறகு கூரையில் பனி எப்படி உருகும்? பெற்ற பிள்ளைக்குக்கூடப் போடாத ஹீட்டரை இந்தப் பெண் வீட்டுக்காரிக்காகப் போட்டிருக்கிறாள். இப்படியும் ஒரு மனம் இருக்குமா என்று மலைத்துப் போய் நின்றாள்.

சோதிப்பவர் வந்தார். தமிழர்தான். மேலே ஏறிப் பார்க்க ஏணி கேட்டார்.

“ஏறுங்கோ தம்பி,” என்றாள் வீட்டுக்காரி. “மேல ஒண்டும் இல்லை. இல்லையெண்டே எழுதுங்கோ. பஞ்சு போட ஆர் நல்ல ஆள் எண்டும் சொல்லிவிட்டுப் போங்கோ.”

பிறகு கையை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். தன் கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, உள்ளே வைத்து, மூடிக்கொண்டாள்.