கால் உடைந்த தீவனத் தொட்டி

ஒரு சத்திரத்து மாட்டுக்கொட்டிலில் மரத்தால் செய்த தீவனத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் ஒரு கால் உடைந்துபோனதால், கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். விடிந்ததும் அதைப் பிளந்து அடுப்பில் வைக்கப்போவதாகச் சத்திரக்காரர் சொல்லிவிட்டார்.

முன்னறையில் கிடந்த கட்டிலுக்குக் கடைந்தெடுத்த கால்கள். அது சன்னல் வழியாகக் கேலி செய்தது.

"என்னப்பா நொண்டி, நாளைக்கு உன்னால்தான் கஞ்சி கொதிக்குமாமே?"

அன்றிரவு நிறைமாதப் பெண் ஒருத்தி கணவனோடு வந்து இடம் கேட்டாள். சத்திரக்காரர் வாய் திறப்பதற்குள் கட்டில் முந்திக்கொண்டது.

"என்மேல் பட்டு வியாபாரி படுத்திருக்கிறார். இடமில்லை."

அவர்கள் கொட்டிலுக்குப் போனார்கள். அங்கே குழந்தை பிறந்தது. தாய் சுற்றிலும் பார்த்துவிட்டு, குழந்தையோடு தொட்டியருகே வந்தாள்.

"ஐயோ, நான் சாய்ந்துவிடுவேனே!" என்று தொட்டி நடுங்கியது.

"உடைந்த கால் பக்கம் நான் ஒட்டி நிற்கிறேன், அண்ணே," என்றது கொட்டிலில் நின்ற கழுதை. "உள்ளே இருக்கிற வைக்கோலும் அப்படியே கிடக்கட்டும். இன்றைக்கு எனக்கு விரதம்."

விடியும்வரை தொட்டி இம்மியும் அசையவில்லை. குழந்தை அதற்குள் நன்றாகத் தூங்கியது. ஆட்டிடையர்கள் ஓடி வந்து தொட்டியின் முன்னால் மண்டியிட்டார்கள். கோடரியோடு வந்த சத்திரக்காரர் அதை வாசலிலேயே போட்டுவிட்டு, அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டார்.

இன்றும் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு குடில் கட்டி, வைக்கோல் பரப்பி, அந்தத் தொட்டியைத்தான் நடுவில் வைக்கிறார்கள். கழுதைக்கும் பக்கத்திலேயே இடம் உண்டு.

கட்டிலுக்கு மட்டும் எந்தக் குடிலிலும் இடமில்லை.