தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

கடவையடிக் கம்பத்தில் கட்டியிருந்த கோயில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ரயில் வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

தெல்லிப்பழைக்குப் பக்கத்தில், தடுப்புக் கேட் இல்லாத ஒரு ரயில் கடவை. என்னோடு உதயகலா நின்றாள். இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

நான் மலேசியாவிலிருந்து, கிள்ளானிலிருந்து வந்தவள். காது கேளாத பெண்கள் நடத்தும் தையல் நிலையத்தில் மூன்று மாதம் தொண்டு வேலை. கணினி சொல்லிக்கொடுக்கத்தான் வந்தேன். வந்த இரண்டாம் நாளே இன்னொரு வேலையையும் நானாக எடுத்துக்கொண்டேன். மாலையில், அங்கே தைக்கும் உதயகலாவைத் தண்டவாளம் கடத்திவிடுவது.

அந்தப் பக்கம் போனதும், என் அறை வாசலில் கையசைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போவாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

ரயில் வரும் சத்தத்தை அவளுக்கும் சேர்த்து நான்தான் கேட்க வேண்டும். ஒரு நாள் கவனம் பிசகினால் அவள் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இன்று திருவிழா. நாதஸ்வரம் காதை அடைத்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஹாரன் சத்தம் இல்லை. இடப்பக்கம் பார்த்தேன், வெறிச்சென்று கிடந்தது. வா என்று அவளுக்குக் கைகாட்டிவிட்டுக் காலை வைத்தேன்.

என் முதுகுப்பையை யாரோ பிடித்து இழுத்தார்கள். சரளைக்கல்லில் போய் விழுந்தேன்.

கண்ணுக்கு முன்னால் ரயில் போனது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

இழுத்தவள் உதயகலா. அவள் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறாள்.

எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த சைகை போதவில்லை. உன் வீட்டுக்கு வருகிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எப்படியோ கையால் காட்டினேன்.

அவள் தயங்கினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

தண்டவாளத்தைக் கடக்கவே இல்லை. தையல் நிலையத்துக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டு வாசல் படலையைத் திறந்தாள்.

அவள் அம்மா தேத்தண்ணி தந்தார். நான் தடுமாறித் தடுமாறி நடந்ததைச் சொன்னேன். அவர் பெரிதாகத் திடுக்கிடவில்லை.

"முதல் நாளே நீங்கள் போனைப் பாத்துக்கொண்டு தண்டவாளத்திலை நிண்டனீங்களாம், பிள்ளை. அண்டு தொடக்கம் உங்களை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டிட்டுத்தான் இவள் வீட்டை வாறவள்."

நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை உதயகலா படலையடியில் செருப்போடு நின்றாள். என்னை மறுபடி கடத்திவிட வேண்டும்.